பொருந்தும் பெயர்கள் இல்லை

ஒரு கோப்பில் அலுவலரின் குடும்பத்தார் யாரேனும் சம்பந்தப்பட்டிருந்தால், அவர் அதை உடனே எழுத்துமூலம் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கோப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நடத்தை விதி இது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதை வகுப்பெடுத்தவன் நான். பலகையில் எழுதிக் காட்டியவன்!

நான் தெரிவிக்கவில்லை. விலகவில்லை. இரண்டு பட்டியல்களிலும் ஒரே ஒன்பது மனிதர்கள் இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டு, 'பொருந்தும் பெயர்கள் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் மகள். இன்னொருவன் இன்று உயிரோடு இல்லை.

குற்றம் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இணைப்புகள்...

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மருந்துக் கடைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் என்று தெரிந்தால் உங்களுக்குப் போதும். முப்பத்தோராண்டுகள் அங்கே இருந்தேன். கடைசியில் கண்காணிப்பாளர் நாற்காலி. என் மேசைக்கு வந்த எந்தக் கோப்பையும் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் நான் விட்டதில்லை. பக்க எண் இல்லை, நாள் இல்லை, முத்திரை மங்கல்... ஞானதாஸ் சாறு ('சார்' எங்கள் பக்கத்தில் 'சாறு') பரலோகம் போனால், சாவி பெற்றுக்கொண்டதற்கு ரசீது எங்கே என்று வாசல் காக்கும் பேதுருவிடம் கேட்பார் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வீடு குளத்தூர்ப் பக்கம். பாறசாலையில் பஸ் ஏறினால் சில நிறுத்தங்களில் கேரளம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். பேச்சு மாறாது. எங்களுக்கு வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், ஜெபத்தில் இரண்டும்.

அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகள் சில உண்டு. எலும்பு முறிந்தவருக்கும், அறுவை முடிந்தவருக்கும், புற்றுநோய்க்காரருக்கும் அவை வேண்டும். அதில் தவறில்லை. வலி போன பிறகும் மாத்திரை போகாமல் ஒட்டிக்கொள்வது வேறு நோய். ஆகவே இவற்றை விற்கும் கடை தனிப் பதிவேடு வைக்க வேண்டும். வாங்கியவர் பெயர், எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயர், மருந்து, எண்ணிக்கை.

பாறசாலைப் பக்கத்துக் கடைகள் ஒழுங்காக எழுதின. எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கத்துக் கடைகளும் ஒழுங்காகவே எழுதின. ஒரே மருத்துவச் சீட்டைக் காட்டிக் காலையில் இங்கே ஓர் அட்டை, அதே சீட்டின் நகலைக் காட்டி மத்தியானம் அங்கே ஓர் அட்டை. தனித்தனியே பார்த்தால் இரண்டு பதிவேடுகளும் சுத்தம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் தெரியும். பக்கத்தில் வைக்கத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை!

என் பணியின் கடைசி ஆண்டில் அந்த அதிகாரம் வந்தது.

இரு மாநிலத்து மருந்து அலுவலகங்கள், அரசு மருத்துவமனை, எக்சைஸ் என்கிற கலால் துறை என நான்கு தரப்பும் எல்லையோரத்து விருந்தினர் மாளிகை ஒன்றில் உட்கார்ந்தன. பேச்சு ஒன்று, வடை இரண்டு, முடிவு ஒன்று. இரு பக்கத்துப் பதிவேடுகளின் நகலையும் ஒப்பிடுவது. இரண்டிலும் வரும் ஆட்களின் பட்டியலை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுப்பது. அங்கிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, சிகிச்சைக்கு அழைத்துவருவது. பட்டியலின் நகல் எக்சைஸுக்கும் போகும், ஆனால் கடைகளை எச்சரிக்க மட்டும்.

நல்ல திட்டம். இதைச் சொல்லும்போது என் வழக்கமான ஏளனம் வரவில்லை, கவனித்தீர்களா? உண்மையிலேயே நல்ல திட்டம்.

அப்பால் இருந்து பட்டியலைக் கொண்டுவந்தவர் முருகேசன் என்ற ஆய்வாளர். காகித உறையை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஒத்து வராது பாத்துக்கிடுங்க சார். உங்க பக்கம் ஆளுக்கு வீடு உண்டு. எங்க பக்கம் ஆளுக்கு அப்பன் உண்டு. ரெண்டையும் சேத்தாத்தான் முழு ஆளு!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் விஷயமே அதுதான். இந்தப் பக்கத்துப் பதிவேட்டில் எங்கள் ஆட்கள் வீட்டுப் பெயரோடு வருவார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வருவார்கள். போதாததற்கு எங்கள் சபைக்காரர்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. எல்லைக்கு அப்பால் முகவரி கேட்டால் மாமியார் வீட்டையோ அம்மா வீட்டையோ சொல்வார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் அப்படிச் செய்வதில்லை. இங்கே எல்லோருக்கும் பாதி சொந்தம் அந்தப் பக்கம். அவ்வளவுதான்.

வாங்கியவர் பெயரை எழுது என்கிறது விதி. எந்தப் பெயரை என்று சொல்லவில்லை.

எங்கள் அலுவலகத்து இளைய அதிகாரி அனீஷ் இரண்டு பட்டியல்களையும் கணினியில் ஏற்றி, ஆங்கில எழுத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. தாள்களை என்னிடம் கொண்டுவந்தான்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் காணுந்நில்ல சாறே. சாறு ஒண்ணு நோக்கித் தரணும்."

இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்தவன் அலுவலகத்தில் நான் ஒருவன்தான். அது மட்டுமா? பன்னிரண்டு வருடமாகச் சபைச் செயலாளர். எந்த வீட்டில் யாருக்கு என்ன பெயர், எந்தப் பெண் எந்த ஊரில் இருந்து வந்தாள் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. கணினிக்குப் பெயர் தெரியும். எனக்கு ஆளைத் தெரியும்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் கிடைத்தவன் தாசையன். இங்கே 'தாஸ், மேலேவிளை வீடு'. அங்கே 'சி. தாசையன்', மாமியார் வீட்டு முகவரி. சி என்றால் சின்னப்பன், அவனுடைய தகப்பன். தாசையன் எங்கள் சபையைச் சேர்ந்த கொத்தனார். பாலராமபுரத்தில் ஒரு வீட்டு வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவன். இரண்டு பட்டியலிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்கு உற்சாகமாக இருந்தது! கணினிக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறதே என்ற உற்சாகம். இரண்டாவது, மூன்றாவது... எட்டுப் பேர். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு இந்தப் பக்கத்துத் தாளில் ஒரு வரி. 'பியூலா, கிழக்கேவிளை வீடு.'

அந்தப் பக்கத்துத் தாளில் ஒரு வரி. 'ஜி. கிரேஸ்.' விளவங்கோட்டுப் பக்கத்து முகவரி ஒன்று. இறந்துபோன என் மனைவி பிறந்த வீடு அது.

கிழக்கேவிளை வீடு என் வீடு. கிரேஸ் பியூலா என் ஒரே மகள். ஞானதாஸை ஆங்கிலத்தில் எழுதினால் முதலெழுத்து ஜி. அந்த 'ஜி' நான்!

பட்டியலில் அவள் பதினொரு முறை வந்திருந்தாள். தாசையனைவிட அதிகம்.

அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளி ஒருவரைத் தூக்கிப் படுக்கவைக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வலிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அது நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வளைகுடாவில் வேலை கிடைத்து, ஒப்பந்தத் தாள் வந்து, காவல் துறையின் நற்சான்று மட்டும் பாக்கி.

அன்று மாலை அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"முதுகு எப்படி உண்டு மக்களே?"

"இப்ப கொள்ளாம் அப்பா, வலி இல்ல."

"மாத்திரை?"

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"எந்த மாத்திரை?"

"களியக்காவிளையில போய் வாங்குத மாத்திரை."

துணி கருகும் வாசனை வந்தது.

"நான் நர்ஸ் ஆக்கும் அப்பா. எனக்கு அளவு தெரியும்." பிறகு, பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, குரல் இறங்கிக் கேட்டாள். "உங்களுக்க ஆபீஸ் பேப்பர்ல எனக்க பேரு வந்திருக்கா?"

"இல்லை" என்றேன்.

முதல் 'இல்லை' அதுதான். மறுநாள் அலுவலகத்தில் எழுதியது அதன் நகல்.

என்னிடம் வாதங்கள் இல்லாமலா? இருந்தன. குணப்படுத்துவதற்கென்று கிளம்பிய தாள் வழி தவறிக் காவல் நிலையத்தில் போய் உட்காரும். அங்கிருந்து டீக்கடைக்கு வரும். நோயாளி குற்றவாளியாவதற்கு நம் அலுவலகங்களில் இரண்டு மேசை தாண்டினால் போதும். இதை நான் முப்பத்தோராண்டுகள் பார்த்திருக்கிறேன். பெயர்களை எக்சைஸுக்குக் கொடுக்காதீர்கள், சுகாதார நிலையத்தோடு நிறுத்துங்கள் என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். நியாயமான ஆட்சேபம். மேலே இருந்தவர்கள் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

எழுதினேனா? வாதம் இருந்தால் எழுதியிருக்க வேண்டும். எழுதாத வாதத்துக்குச் சாக்கு என்றுதான் பெயர்.

நீங்கள் இன்னொன்று கேட்க வேண்டும். கேளுங்கள். மகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரையும் கொடுத்திருக்கலாமே?

நானும் யோசித்தேன். நெடுநேரம் யோசித்தேன். எட்டுப் பேரைக் கொடுத்தால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள். வீட்டுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அனீஷ் கெட்டிக்காரன். வழியைச் சொன்னால் மத்தியானத்துக்குள் ஒன்பதாவது ஆளை அவனே கண்டுபிடித்துவிடுவான். ஒருத்தியை மறைக்க எட்டுப் பேரையும் மறைக்க வேண்டியிருந்தது. ஆளை மறைத்தால் போதாது, வழியையே அடைக்க வேண்டியிருந்தது!

ரப்பரை எடுத்தேன். பதினெட்டுப் புள்ளிகள், இரண்டு தாளிலும் ஒன்பது ஒன்பது. அவசரப்படவில்லை. தாள் கசங்காமல், ஒவ்வொன்றாக, ஊதி ஊதி அழித்தேன். பிறகு மலையாளத்தில் ஒரு பக்க அறிக்கை. 'இரு பட்டியல்களும் விரிவாகப் பரிசோதிக்கப்பட்டன. பொருந்தும் பெயர்கள் இல்லை. தொடர் நடவடிக்கை தேவையில்லை.' கீழே என் பெயர், பதவி, ஒப்பு, நாள். பக்க எண்ணும் போட்டேன். குறை சொல்ல முடியாத அறிக்கை!

மூன்றாம் நாள் முருகேசன் கைப்பேசியில் அழைத்தார்.

"என்ன சார், ஒண்ணுகூடவா இல்ல? பாத்தவுடனே எனக்கே ரெண்டு பேரு சந்தேகமா இருந்திச்சே."

"எழுத்தில் கொடுங்கள், பரிசீலிக்கிறோம்" என்றேன்.

அவர் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் கொடு என்று சொன்னால் நம் நாட்டில் பாதி உண்மை வாயை மூடிக்கொள்ளும்.

கோப்பு முடிக்கப்பட்டது. மகள் வளைகுடாவுக்குப் போனாள். நான் ஓய்வுபெற்றேன். மாலை போட்டார்கள், 'நடைமுறையின் நடமாடும் புத்தகம்' என்று பேசினார்கள். நானும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தாசையனை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். முதல் பாட்டு முடியும் முன்பே தலை தொங்கிவிடும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

"எலே தாசா, பிரசங்கம் அவ்வளவு ருசியோ? வாயெல்லாம் ஒழுகிக் கெடக்கு!"

"போலே... ராத்திரி ஒறக்கம் இல்ல" என்று துடைத்துக்கொள்வான்.

எல்லோரும் சிரிப்பார்கள். அது தூக்கமில்லை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத் தெரியும். அவனும் சிரித்தான்...

சொல்லியிருக்கலாம். அறிக்கை போனால் போகட்டும், வாசலில் வைத்துத் தோளைத் தொட்டு, மக்கா, உனக்கு அந்த மாத்திரை போதும், என்கூட ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஏன் சொல்லவில்லை? உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இரண்டு வருடம் அவனுக்குக் கைமட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சோறு தின்றுவிட்டு முன்னறைப் பெஞ்சில் படுத்தான். அவன் மனைவி ரோஸ்லெட் முந்திரிப் பருப்பு உடைக்கும் அண்டியாபீஸிலிருந்து மாலையில் வந்து எழுப்பியபோது உடம்பு குளிர்ந்திருந்தது. மாத்திரை மூச்சை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டது என்று பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள். சட்டைப் பையில் இரண்டு அட்டைகள், இரண்டு பில்கள். ஒன்று தமிழில், ஒன்று மலையாளத்தில்.

சபைப் பதிவேட்டில் மரணத்தைப் பதிவது செயலாளர் வேலை. 'தாசையன் என்ற தாஸ், தகப்பன் சின்னப்பன், மேலேவிளை வீடு' என்று எழுதினேன். இரண்டு பெயர்களும் ஒரே வரியில். அங்கே பொருந்தின!

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் மௌனமாகவே இருந்து செத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து ரோஸ்லெட் என் வீட்டுக்கு வந்தாள். ஓய்வுக்குப் பிறகு ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். அவள் வேதாகமத்தைத் திறந்து அதற்குள்ளிருந்து இரண்டு பில்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். ஒரு பில்லின் ஓரத்தில் அந்த விரல் அடையாளம் இருந்தது.

"சாறே, ஒரு கேள்வி ஆக்கும். ஒரே நாளு, ஒரே மருந்து, ஒரே ஆளு. இந்தக் கடைக்காரனுக்க புக்கையும் அந்தக் கடைக்காரனுக்க புக்கையும் சேத்து வச்சுப் பாக்க சர்க்கார்ல ஒரு ஆளும் இல்லியா?"

எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான்கு அலுவலகங்கள் மாநாடு கூட்டிக் கண்டுபிடித்ததை இரண்டு பில்லை வைத்துக்கொண்டு கேட்கிறாள்!

"எங்கிட்ட கேட்டா?" என்றேன்.

"உங்ககிட்ட இல்ல சாறே. சர்க்கார்கிட்ட. அந்தத் தகவல் கேக்குத மனு உண்டில்லா? அதை எழுதித் தாருங்க."

எழுதிக் கொடுத்தேன்.

இப்போது என் இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தின்படி, அலுவலகத்தில் இருக்கிற தாளைக் கேட்டால் கொடுக்க வேண்டும். 'ஏன்' என்று விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனு எழுதுகிறவனுக்கு இது அரிச்சுவடி. நான் எழுதியது இப்படி: 'இரு மாநிலப் பதிவேடுகள் ஏன் ஒப்பிடப்படவில்லை? இதற்கு யார் பொறுப்பு? ஏன் நடவடிக்கை எடுக்கப்படவில்லை?' அழகான கேள்விகள், எல்லாம் நிராகரிக்கப்படுவதற்கென்றே செய்தவை. பத்து ரூபாய் முத்திரையை ஒட்டி, அவள் நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பதில் வந்தது. விளக்கம் கோரும் கேள்விகள் தகவல் ஆகாது.

அவள் மறுபடியும் வந்தாள். கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தப்பாகிப்போன பிள்ளையைப் போல முகம்.

"ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாவளோ?"

"ஏன்னு கேட்டா பதில் வராது மக்கா. சட்டம் அப்படி."

"அப்போ எப்பிடிக் கேக்கணும்?"

எவ்வளவு எளிய கேள்வி! இரண்டு வார்த்தையில் தட்டிக்கழித்திருக்கலாம். மேல்முறையீடு, கால வரம்பு, நகல் சான்று என்று சுற்றவிட்டே அவளைக் களைப்படைய வைத்திருக்கலாம். அந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவள் அந்தப் பில்களை மடித்து மறுபடி வேதாகமத்துக்குள் வைத்தாள். எந்த இடத்தில் என்று பார்த்தேன். சங்கீதத்தில் இல்லை, யோபுவில் இல்லை. கடைசி அட்டையோடு ஒட்டினாற்போல, குடும்பத்தார் பெயர்கள் எழுதும் பக்கத்தில்.

பேனாவை எடுத்தேன். 'கீழ்க்கண்ட எண்ணுள்ள கோப்பில் உள்ள ஒப்பீட்டு அறிக்கையின் சான்றிட்ட நகல், அதில் கையொப்பமிட்ட அலுவலரின் பெயர், பதவி.' கோப்பு எண்ணையும் எழுதினேன். எட்டு இலக்கம். தேட வேண்டியிருக்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். "நம்பர் எப்பிடி சாறே உங்களுக்குத் தெரியும்?"

"பழைய ஆபீஸ் இல்லியா மக்கா..."

இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். தனிநபர் விவரம் என்று காரணம் சொல்லி மறுத்துவிடுவார்கள் என்று உள்ளே ஒரு மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் எழுதினேன். நோயாளிகளின் பெயர்களைக் காப்பாற்றுகிற விதி என்னையும் சேர்த்துக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

முப்பது நாள் போயிற்று. பதில் இல்லை. அவளே கேட்டு வந்தாள், மேல்முறையீடு எழுதினேன். மழைக்காலம் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று கேட்பாள். "தபால் ஒண்ணும் வரல்ல சாறே." "வரும்" என்பேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், அது என் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தும், எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன்.

இடையில் மகள் வாரம் ஒருமுறை கைப்பேசித் திரையில் வருவாள். சாப்பிட்டீர்களா, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். நான் அவள் கண்மணியையே பார்ப்பேன். இந்த வகை மாத்திரையில் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். திரையில் ஒன்றும் தெரிவதில்லை. ஒருநாள், "அப்பா, ஏன் எப்பவும் பக்கத்துல வந்து முழிச்சு முழிச்சுப் பாக்குதீங்க?" என்றாள். "கண்ணாடி மாத்தணும் மக்களே" என்றேன். அவள் விட்டுவிட்டாளா, அங்கே வேறு வழி கண்டுகொண்டாளா? தெரியாது. அவளையும்தான் ஒருவர் வீடு தேடி வந்து சிகிச்சைக்கு அழைத்திருப்பார். அந்த ஒருவரையும் நான்தான் வரவிடாமல் செய்தேன். காப்பாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரோஸ்லெட் வந்தாள். கையில் பழுப்பு உறை. ஓரம் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது.

"மலையாளத்துல உண்டு சாறே. வாசிச்சுத் தாருங்க."

அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அவளுடைய மகள் மலையாளப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அல்லது வரவிடவில்லை.

பட்டியல்களைத் தர இயலாது, தனிநபர் விவரம். அறிக்கையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. என் கணக்கில் பாதிதான் சரியாக வந்திருந்தது.

வாசித்தேன். இரு பட்டியல்களும் விரிவாகப் பரிசோதிக்கப்பட்டன. பொருந்தும் பெயர்கள் இல்லை. தொடர் நடவடிக்கை தேவையில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அலுவலகக் குரல் அது, எதற்கும் நடுங்காது.

"கீழ யாரு ஒப்பு?"

"கண்காணிப்பாளர்."

"பேரு?"

தாளை மேசையில் வைத்து அவள் பக்கமாகத் திருப்பி, ஒப்பின் மேல் விரல் வைத்தேன்.

"ஞானதாஸ்" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

"உம்... மவளும் அப்பிடித்தான் வாசிச்சா. பிள்ளைக்குத் தப்பிப்போச்சுன்னு நெனச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள்... எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அதைக்கூட எதிர்பார்த்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஏன்னு கேக்கத்தான் வந்தேன் சாறே. வாற வழியில யோசிச்சேன். ஏன்னு கேட்டா பதில் வராதுன்னு நீங்கதானே சொல்லித் தந்திய."

நான் வாயைத் திறந்தேன். பதில் இருந்தது. ஒரே ஒரு பெயர்தான் பதில். அது என் மகளின் பெயர். அந்தப் பெயர் அப்போதும் வெளியே வரவில்லை!

"தாள் இங்க கெடக்கட்டு" என்றாள் வாசலில் நின்று. "மவ நகல் எடுத்து வச்சிருக்கா."

போய்விட்டாள். வாறேன் என்று சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் ஒரு வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அவள் சொல்லவில்லை.

அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இதுவும் தவறான முகவரிக்கு அனுப்பிய மனுதான், தெரியும். சரியான முகவரி அரை மைல் தூரத்தில் இருக்கிறது. நடந்தே போகலாம். இன்னும் போகவில்லை...

அன்று வெகுநேரம் அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. பிறகு கை தானாகப் பேனாவை எடுத்தது. வந்த தாள் எதுவானாலும் வலது மேல்மூலையில் நாள் குறிக்காமல் நான் விட்டதில்லை. குறித்தேன்.

பெறப்பட்டது: நவம்பர் 16.